இரு மூங்கிற் பூப்புகளுக்கிடையே: மிசோ மக்களின் போர்க்கால வாழ்வும் அமைதி வேட்கையும்

முன்னுரை

பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்ட காலத்து, அம்மலை உழவர் உழாமலே விளையும் நான்கு பொருள்களை உடையது. ஆதலின் முற்றுகையால் அதனை வெல்லல் அரிது என்று கபிலர் எடுத்துரைக்கிறார். அந்நான்கனுள் முதலாவது மூங்கில் நெல். முற்றுகையிடப்பட்ட மலைமக்களுக்கு உயிர் காக்கும் உணவாக மூங்கில் விளைவினைச் சங்கப் பாடல் காட்ட, இந்தியாவின் வடகிழக்கில் வேறொரு மலையில் அதே மூங்கிலின் பூப்பு பஞ்சத்துக்கும், பஞ்சம் போருக்கும் வாயிலாயிற்று. இன்று மிசோரம் என்று வழங்கும் அம்மலைநாட்டில் 1966 முதல் 1986 வரை இருபது ஆண்டுகள் ஆயுதப் போராட்டம் நிகழ்ந்தது. பின்னர் அஃது உடன்பாட்டால் முடிவுற்றது. விடுதலைக்குப் பிந்தைய இந்திய வரலாற்றில் இத்தகைய முடிவு அரிதினும் அரிது.

இம்முடிவினை விளக்குவோர் பெரும்பாலும் புதுதில்லியில் 1986 சூன் 30 அன்று இடப்பட்ட கையொப்பங்களிலிருந்தே தொடங்குகின்றனர். ஒப்பமிட்டோரின் அரசியல் முதிர்ச்சி மறுக்கற்பாலதன்று. எனினும் இருபது ஆண்டுகள் ஒரு மக்கள் கூட்டம் போரின் நடுவே எவ்வாறு வாழ்ந்தது, தன் சமுதாயக் கட்டுக்கோப்பினைச் சிதையாது எவ்வாறு காத்தது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அவ்வமைதியின் உறுதியை விளக்க இயலாது. 1959ஆம் ஆண்டு மூங்கிற் பூப்புக்கும் 2007ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அடுத்த பூப்புக்கும் இடைப்பட்ட காலத்தை எல்லையாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது.

மூங்கிலும் பஞ்சமும்

மிசோ மலைகளில் மிகுதியாக வளரும் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிகிறது. அதன் காய்கள் சதைப்பற்று உடையன. அவற்றை உண்ணும் எலிகள் அளவிறந்து பெருகுகின்றன. காய்கள் தீர்ந்தபின் அவ்வெலிக் கூட்டம் நெற்புனங்களிலும் குதிர்களிலும் புகுகிறது. ஓரிரவில் ஒரு புனமே அழிந்துபோவதுண்டு. இதனை மிசோ மக்கள் ‘மாவ்தாம்’ என்பர். ‘மாவ்’ என்பது மூங்கில். ‘தாம்’ என்பது மடிவும் அதனால் வரும் பஞ்சமும் குறிக்கும் சொல். 1911-12இல் இப்பஞ்சம் நேர்ந்ததை மூத்தோர் நினைவில் வைத்திருந்தனர். அடுத்த பூப்பு 1959இல் வரும் என்பதை அவர்களால் கணக்கிட முடிந்தது.

மிசோ மாவட்டக் கவுன்சில் 1958ஆம் ஆண்டிலேயே வரவிருக்கும் பஞ்சத்தை முன்னறிவித்து, முன்னேற்பாட்டுக்காக 15 இலட்சம் ரூபாய் வேண்டும் என்று தீர்மானித்தது. அந்நாளில் அம்மாவட்டம் அசாம் மாநிலத்தின் ஒரு பகுதி. மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பதை மலைவாழ் மக்களின் மூடநம்பிக்கையாக மாநில அரசு கருதியது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. பஞ்சம் வந்தது. போதிய சாலைகளற்ற மலைகளில் துயர்தணிப்புப் பணிகள் காலந்தாழ்ந்தே சென்றடைந்தன. மக்களின் அனுபவ அறிவு ஆட்சியாளரால் அறிவாக மதிக்கப்படாமையே இப்பூசலின் முதல் விதை எனலாம்.

இச்சூழலில் 1960இல் மிசோ தேசியப் பஞ்ச முன்னணி தோன்றியது. இளைஞர்கள் அரிசி மூட்டைகளைச் சுமந்து தொலைவிலுள்ள ஊர்களுக்கு நடந்தனர். இதன் தலைவர் லால்டெங்கா முன்னாள் படைவீரர்; மாவட்டக் கவுன்சிலில் கணக்கராகப் பணியாற்றியவர். அதே 1960இல் அசாமிய மொழியை மாநில ஆட்சிமொழியாக்கிய சட்டம் மலைமக்களின் மனக்குறையை மேலும் வளர்த்தது. 1961 அக்டோபர் 22 அன்று அமைப்பின் பெயரிலிருந்து ‘பஞ்சம்’ என்னும் ஒரு சொல் நீங்கியது. மிசோ தேசிய முன்னணி என்னும் அரசியல் இயக்கம் பிறந்தது. தனிநாடு அதன் குறிக்கோளாயிற்று.

1966 மார்ச்சுத் திங்கள்

1966 பிப்ரவரி 28 நள்ளிரவில் ஐசால், லுங்லெய், சம்பாய் முதலிய இடங்களில் அரசு நிலைகள் மீது மிசோ தேசிய முன்னணியினர் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடுத்தனர். மறுநாள் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஐசாலில் இருந்த அசாம் ரைபிள்ஸ் படைத்தளம் முற்றுகையிடப்பட்டது. மார்ச்சு 2 அன்று மாவட்டம் முழுவதும் கலவரப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டு அசாம் கலவரப் பகுதிகள் சட்டமும் 1958ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன.

மார்ச்சு 5 அன்று இந்திய வான்படை விமானங்கள் ஐசால் நகர் மீது தாக்குதல் நிகழ்த்தின; அடுத்த நாளும் அது தொடர்ந்தது. நகரின் பல பகுதிகள் தீக்கிரையாயின. மக்கள் காடுகளுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் ஓடினர். தன் நாட்டுக் குடிமக்கள் வாழும் பகுதியில் இந்திய வான்படை தாக்கிய ஒரே நிகழ்வு என்று இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அசாம் சட்டமன்றத்தில் காசி மலைப்பகுதி உறுப்பினர்கள் இதனை எழுப்பினர். 1966 முதல் 1971 வரை அம்மன்றத்தில் மிசோ இயக்கம் பற்றி நடந்த விவாதங்களை ஜே. வி. லூனா, ரினி தோச்சாங் ஆகியோர் 2012இல் நூலாகத் தொகுத்துள்ளனர். நாடாளுமன்றத்தில் 2023 ஆகஸ்டு 10 அன்று பிரதமர் இந்நிகழ்வைக் குறிப்பிட்டு உரையாற்றியபோதுதான் நாட்டின் பிற பகுதியினர் பலர் அதனை முதன்முதலாகக் கேள்வியுற்றனர். ஐம்பத்தேழு ஆண்டுகள் ஒரு நகரின் நினைவில் நின்றது நாட்டின் நினைவில் நில்லாமற் போனமை எண்ணத்தக்கது.

வன்முறை ஒருபக்கத்தது மட்டுமன்று. முன்னணியினர் அரசுப் பணியாளரையும், காட்டிக்கொடுப்போர் எனத் தாம் ஐயுற்ற மிசோ மக்களையும் கொன்றனர். 1975 சனவரி 13 அன்று ஐசாலில் காவல்துறைத் தலைமை அலுவலகத்துள்ளேயே புகுந்து, காவல்துறைத் தலைவர் ஜி. எஸ். ஆர்யாவையும் உடனிருந்த உயர் அதிகாரிகள் இருவரையும் சுட்டுக் கொன்றனர். 1979இல் மிசோ அல்லாதார் வெளியேற வேண்டும் என ஆணையிட்டனர். இரு தரப்பினரின் ஆணைகளுக்கும் நடுவே சிற்றூர் மக்கள் வாழ வேண்டியிருந்தது. பகலில் படையினருக்கும் இரவில் போராளிகளுக்கும் விடை சொல்ல வேண்டிய நிலை அது.

ஊர்க்குவிப்பு

இருபதாண்டுப் போரில் மிசோ வாழ்வை அடியோடு மாற்றியது 1967 சனவரியில் தொடங்கிய ஊர்க்குவிப்புத் திட்டமே. மலாயாவில் 1950 முதல் பிரித்தானிய ஆட்சி மேற்கொண்ட ‘புதுக்குடியிருப்பு’ முறையை அடியொற்றியது இது. போராளிகளுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்காதவாறு, சிதறிக் கிடந்த ஊர்களைக் காலிசெய்து மக்களைச் சாலையோர மையங்களில் குடியமர்த்துவதே இதன் நோக்கம். தொடக்கத்தில் 1962ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் இது செயற்படுத்தப்பட்டது. ‘பாதுகாக்கப்பட்ட, முன்னேற்றச் சிற்றூர்கள்’ என்பது அம்மையங்களுக்கு அரசு இட்ட பெயர்.

மாவட்டத்தில் இருந்த 764 ஊர்களுள் 516 ஊர்கள் காலிசெய்யப்பட்டு, அவற்றின் மக்கள் 110 மையங்களில் சேர்க்கப்பட்டனர்; எஞ்சிய 138 ஊர்கள் மட்டுமே இதற்கு உட்படவில்லை. அன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கினர் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டனர். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மிசோ மாவட்டத்தின் மக்கள்தொகை 2,66,063 என்பதை நோக்க, ஏறத்தாழ ஓர் இனம் முழுவதுமே தன் மூதூர்களை இழந்தது என்பது புலப்படும்.

இதன் விளைவினை உணர மலைவேளாண்மையின் இயல்பை அறிதல் வேண்டும். மிசோ உழவர் ஆண்டுதோறும் காட்டின் ஒரு பகுதியை வெட்டி உலர்த்தி, மழைக்குமுன் எரித்து, அச்சாம்பல் நிலத்தில் நெல் விதைப்பர். சில ஆண்டுகள் அந்நிலத்தைக் காடாகவே வளரவிட்டு வேறிடம் செல்வர். தமிழ்க் குறிஞ்சித் திணையில் மரங்களை வெட்டி எரித்துத் தினை விதைத்த புனங்களை ஒத்தது இது. ஊருக்குப் புனம் அணித்தாக இருத்தல் இம்முறைக்கு இன்றியமையாதது. விளைச்சற் காலத்தில் பறவையும் விலங்கும் அணுகாதவாறு புனத்துக் குடிலில் இரவு தங்கிக் காத்தலும் வேண்டும். குவிப்பு மையங்களிலோ மாலை முதல் காலை வரை ஊரடங்கு. அடையாள அட்டையின்றி வெளியேறல் இயலாது, தலைகள் எண்ணப்பட்டன, எடுத்துச் செல்லும் உணவும் அளக்கப்பட்டது. பல்வேறு ஊரார் ஒரே மையத்தில் நெருக்கப்பட்டமையால் அருகிலிருந்த நிலம் அனைவர்க்கும் போதவில்லை; பழைய புனங்களோ ஒருநாள் நடைத்தொலைவுக்கு அப்பால் இருந்தன. தன் உணவைத் தானே விளைத்த உழவர் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்பவராயினர்.

பகைவர் நாட்டை எரியூட்டுதலை ‘உழபுல வஞ்சி’ என்னும் துறையாகப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துள்ளது. அங்கு எரிபடுவது மாற்றான் நாடு. இங்கு எரிந்தவை அவ்வரசின் சொந்தக் குடிகளின் வீடுகளும் குதிர்களும் ஆகும். இவ்வேறுபாட்டை அந்நடவடிக்கையில் ஈடுபட்ட அலுவலர்களே உணர்ந்திருந்தனர் என்பது பின்வரும் சான்றால் விளங்கும்.

ஒப்பமிட்ட தாளும் பாடப்பட்ட பாடலும்

அசாம் பகுதியில் நெடுங்காலம் ஆட்சிப்பணியில் இருந்த விஜேந்திர சிங் ஜஃபா, தார்சோ என்னும் ஊரைக் காலிசெய்த படை அலுவலர் ஒருவரின் கூற்றைப் பதிவு செய்துள்ளார். வளம் மிக்க ஊர் அது. வீடுகளுக்குத் தாமே தீ வைக்குமாறு மக்களுக்கு ஆணையிடப்பட்டது, ஒருவரும் அசையவில்லை. பின்னர் அவ்வலுவலரே தீயிட நேர்ந்தது. நெற்குவியலும் எரிந்தது. மக்கள் மையத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அதன்பின் ஊர்ப்பெரியோர் முன் இரண்டு தாள்கள் வைக்கப்பட்டன. போராளிகளின் தொல்லை தாங்காது தாங்களே விரும்பிக் குடிபெயர வேண்டியதாக ஒரு தாள் கூறிற்று. தங்கள் ஊரைத் தாங்களே எரித்ததாகவும் படையினர் எவ்வித வன்முறையும் செய்யவில்லை என்றும் மற்றொரு தாள் கூறிற்று. பெரியோர் மறுத்தனர். துப்பாக்கி முனையில் ஒப்பம் பெறப்பட்டது.

வரலாற்று ஆய்வாளர்க்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை. அவ்விரு தாள்களும் ஆவணக் காப்பகத்தில் இருந்து, அலுவலரின் கூற்று பதிவாகாமல் போயிருப்பின், தார்சோ மக்கள் விருப்பத்துடன் குடிபெயர்ந்தனர் என்பதே வரலாறாகியிருக்கும். ஒப்பம் இருப்பதனால் மட்டும் ஒரு தாள் உண்மையாகிவிடாது. ஆகவே எழுத்தாவணத்துக்கு அப்பாற்பட்ட சான்றுகளும் தேடற்பாலன.

அத்தகைய சான்றுகளுள் தலையாயது பாடல். மிசோ மொழிக்கு எழுத்து வடிவம் கிடைத்தது, ஜே. எச். லோரைன், எஃப். டபிள்யூ. சாவிட்ஜ் என்னும் சமயப் பணியாளர் இருவர் 1894இல் அங்குச் சென்ற பின்னரே. அதற்கு முன்னும் பின்னும் பாடலே அம்மக்களின் நினைவுக் கருவூலம். ஊர்க்குவிப்பின் துயரைச் சுவாக்லியானா என்னும் கவிஞர் பாடினார். ‘கோ சோய்கோம் ல்லா’, அதாவது ஊர்க்குவிப்புப் பாடல் என்று வழங்கும் அப்படைப்பு, விட்டுவந்த ஊரையும் சிதைந்த வாழ்வையும் எண்ணி இரங்குவது. அரசு இட்ட பெயரில் ‘பாதுகாப்பும்’ ‘முன்னேற்றமும்’ இருந்தன. மக்கள் வழங்கிய பெயரில் குவிக்கப்பட்டமை மட்டுமே இருந்தது. பெயரிடுதலிலேயே இரு வரலாறுகள் பிரிந்து நிற்பதைக் காணலாம்.

அக்காலம் முழுவதையும் சுட்ட மிசோ மக்கள் ‘ரம்புவாய்’ என்னும் சொல்லை ஆண்டனர். ‘ரம்’ என்பது நிலம். ‘புவாய்’ என்பது கலக்கம். கலங்கிய நிலம் என்பது அதன் பொருள். போர், புரட்சி, கிளர்ச்சி என்னும் சொற்களில் ஒரு தரப்பின் சார்பு இருக்கும். ரம்புவாய் என்னும் சொல்லிலோ வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. கலங்கிய நிலமும் அதில் வாழ்ந்தோருமே உளர்.

மக்கள் தாங்கிய முறை

கலங்கிய நிலத்தில் மிசோ சமுதாயம் சிதறாது நின்றமைக்கு மூன்று துணைகளைச் சுட்டலாம்.

முதலாவது, ‘த்லோம்ஙாய்னா’ என்னும் அறக்கோட்பாடு. தன்னலம் கருதாது பிறர்க்கு உதவலும், இடர்ப்பாட்டில் பின்னிடாமையும், உதவியமை பற்றிப் பேசாமையும் அதன் கூறுகள். வள்ளுவர் கூறும் ஒப்புரவுக்கு இது நெருங்கியது. 1935இல் தோன்றிய மிசோ இளைஞர் சங்கம் இக்கோட்பாட்டை அமைப்பு வழியில் பேணிற்று. ஒருவர் இறந்தால் புதைகுழி தோண்டுவதும், இறப்பு நேர்ந்த வீட்டில் கூடிப் பாடித் துயராற்றுவதும் இளைஞர் கடமை. ஊரடங்கு இவ்விரவுக் கூடுகைகளுக்குப் பெருந்தடையாயிற்று. எனினும் வெவ்வேறு ஊர்களிலிருந்து கொணர்ந்து குவிக்கப்பட்டோர் ஒருவருக்கொருவர் அயலாராய் நின்றுவிடாமல் காத்தது இவ்வழக்கமே.

இரண்டாவது, திருச்சபை. மிசோ மக்கள் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்டு சபைகளைச் சார்ந்தோர். இயக்கத்தவரும் பொதுமக்களும் ஒரே சபையினர். போர்க்காலத்தில் மக்கள் கூடுதற்கு எஞ்சியிருந்த பொது இடம் வழிபாட்டுக்கூடமே. சபைத் தலைவர்கள் வன்முறையைக் கண்டித்தனர். அதேபோழ்து படையினரின் அத்துமீறல்களையும் அரசுக்கு எடுத்துரைத்தனர். இதனால் இரு தரப்பினரின் ஐயத்துக்கும் ஆளாயினர். ஆயினும் இரு தரப்பினரும் பேசுதற்குரிய இடைநிலையினராக எஞ்சியவர்களும் அவர்களே.

மூன்றாவது, மௌனம். இது வலிமையும் புண்ணும் ஒருங்கே ஆகும். படையினர் ஊராரை வரிசையில் நிறுத்த, முகம் மறைத்த ஒருவர் போராளிகளின் ஆதரவாளர்களைச் சுட்டிக்காட்டுவார். அவரை மிசோ மக்கள் ‘கோக்து’ என்றனர். ஈழத் தமிழர் ‘தலையாட்டி’ என்று வழங்கியவருக்கு ஒப்பானவர் இவர். சுட்டிய விரல் அண்டை வீட்டாருடையதாகவோ உறவினருடையதாகவோ இருத்தல் கூடும். இச்சூழலில் பேசாமையே காப்பாயிற்று. பெண்கள் உற்ற கொடுமைகள் பலவும் இம்மௌனத்துள் புதைந்தன. அமைதி வந்த பின்னும் பல ஆண்டுகள் அப்புதைவு திறக்கப்படவில்லை. மார்கரெட் சாமாவும் சி. லலாவ்ம்புவியா வான்சியாவும் 2016இல் வெளியிட்ட மிசோ இலக்கிய ஆய்வு நூல் தன் தலைப்பிலேயே பல்லாண்டு மௌனத்தைக் குறிப்பது கருதத்தக்கது. மல்சாமி ஜேக்கப் 2015இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘சோராமி’ என்னும் புதினம் இக்காலத்து வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் உள்ளத்தை மையமாகக் கொண்டது. உடன்பாடு எழுதப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே இத்தகைய நூல்கள் தோன்றின. ஆயுதங்கள் அடங்கிய வேகத்தில் துயர் அடங்குவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

அமைதி முயற்சிகள்

அமைதி ஒருநாளில் வந்ததன்று. 1971இல் வங்கதேசம் உருவானமையால் சிட்டகாங் மலைப்பகுதியில் இருந்த முன்னணியின் தளங்கள் பறிபோயின. போராளிகள் பர்மாவின் அரக்கான் பகுதிக்குப் பெயர்ந்தனர். லால்டெங்கா பாகிசுதானுக்குச் சென்றார். 1972 சனவரி 21 அன்று மிசோ மலைகள் அசாமிலிருந்து பிரிந்து ஒன்றியப் பகுதியாயின. சட்டமன்றம் அமைந்தமையால் ஆயுதமின்றி உரிமை பேசுதற்கு ஓர் அரங்கு கிடைத்தது.

அவ்வரங்கினைப் பயன்கொண்டவருள் குறிப்பிடத்தக்கவர் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிரிகேடியர் தென்புங்கா சைலோ. 1974இல் அவர் மனித உரிமைக் குழுவைத் தொடங்கிப் படையினரின் அத்துமீறல்களைத் தொகுத்து அரசின்முன் வைத்தார். இந்தியப் படையில் உயர்பதவி வகித்த ஒருவரே இக்குறைகளை எழுதியமையால் அவற்றை எளிதில் புறந்தள்ள இயலவில்லை. 1975இல் அவர் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார், 1978இல் முதலமைச்சரானார். போராளியாகவும் இன்றி அடங்கிப் போவாராகவும் இன்றி மூன்றாம் நிலை ஒன்று உண்டு என்பதை இம்முயற்சி மக்களுக்குக் காட்டிற்று.

1976 சூலை 1 அன்று மத்திய அரசுக்கும் லால்டெங்காவுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் அது நிறைவேறவில்லை. 1980இல் போர்நிறுத்தம் வந்தது. 1982 தொடக்கத்தில் பேச்சு முறிந்தது. இவ்வாறு நம்பிக்கை இருமுறை எழுந்து இருமுறை வீழ்ந்தது. வீழ்ந்த நம்பிக்கையை மீண்டும் எழுப்பியோர் சபையினரே. 1982இல் பல்வேறு சபைகளின் தலைவர்கள் ஒன்றுகூடி ஒரு பொதுக்குழு அமைத்து இரு தரப்பினரையும் பேச்சுக்கு அழைத்தனர். அரசியல் கட்சிகளும் தத்தம் வேறுபாடுகளைக் கடந்து அதே கோரிக்கையை முன்வைத்தன.

போர் மூளும் தறுவாயில் இடைநின்று தடுக்கும் சான்றோர் செயலைத் தமிழ் இலக்கணம் ‘துணைவஞ்சி’ என்னும் துறையாகக் கொண்டது. உறையூரில் அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் முற்றிய நலங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர் கிழார் பாடியது இத்துறையே. அங்குத் தனியொரு புலவர் செய்த பணியை இங்கு ஒரு சமுதாயத்தின் அமைப்புகள் கூடிச் செய்தன. சந்து செய்வோர் இரு தரப்பினராலும் மதிக்கப்படுபவராகவும், எத்தரப்பிலும் ஆதாயம் நாடாதவராகவும் இருத்தல் வேண்டும் என்னும் தகுதி ஈரிடத்தும் ஒன்றே.

1986ஆம் ஆண்டு உடன்பாடு

1986 சூன் 30 அன்று புதுதில்லியில் மத்திய உள்துறைச் செயலர் ஆர். டி. பிரதான், மிசோரம் தலைமைச் செயலர் லால்காமா, மிசோ தேசிய முன்னணித் தலைவர் லால்டெங்கா ஆகிய மூவரும் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். பிரதான் பணிஓய்வு பெறும் நாளே அது. முன்னணி ஆயுதங்களை ஒப்படைத்துத் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. மிசோரத்துக்கு மாநிலத் தகுதி உறுதி செய்யப்பட்டது. அரசமைப்பின் 53ஆவது திருத்தத்தால் 371ஜி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மிசோ மக்களின் சமய, சமுதாய வழக்கங்கள், மரபுச் சட்டம், நிலவுடைமை ஆகியவை பற்றி நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்கள், மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்து ஏற்றாலன்றி அங்குச் செல்லா என்பது அதன் சாரம்.

உடன்பாட்டை நிலைபெறச் செய்தது அதன் சொற்கள் மட்டுமன்று. அப்போது முதலமைச்சராக இருந்த லால்தன்ஹாவ்லா பதவி விலகி, 1986 ஆகஸ்டில் லால்டெங்கா தலைமையில் அமைந்த அரசில் துணை முதலமைச்சரானார். தேர்தலில் வென்றவர் அமைதியின் பொருட்டுத் தம் இருக்கையை விட்டுக்கொடுத்தமை வடகிழக்கு வரலாற்றில் நினைக்கத்தக்க செயல். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் மாநிலமாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் முன்னணி வென்றது. அடுத்த ஆண்டே லால்டெங்கா பதவி இழந்தார். 1989 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. தோற்ற பின்னும் அவர்கள் காட்டுக்குத் திரும்பவில்லை. ஓர் அமைதி உடன்பாட்டின் உண்மையான தேர்வு அதில் ஒப்பமிட்டவர் தேர்தலில் வெல்லும்போதன்று, தோற்கும்போதே நிகழ்கிறது. மிசோரம் அத்தேர்வில் வென்றது. லால்டெங்கா 1990 சூலை 7 அன்று மறைந்தார். சூன் 30 ‘ரெம்னா நி’, அதாவது அமைதி நாள் என்று நினைவுகூரப்படுகிறது.

அமைதியின் எல்லைகள்

இவ்வமைதியைக் குறையற்றதாகக் காட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. பெரும்பான்மை மிசோ மக்களுக்கு வந்த அமைதி அங்குள்ள சிறுபான்மை இனத்தார் அனைவர்க்கும் ஒருசேர வரவில்லை. மார் இனத்தாரின் தன்னாட்சிக் கோரிக்கை மற்றுமோர் ஆயுதப் போராட்டமாயிற்று. 1994இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. 1997இல் புரூ இனத்தார் பல்லாயிரவர் அஞ்சித் திரிபுராவுக்கு ஓடினர். இருபது ஆண்டுகளுக்கு மேல் முகாம்களில் வாழ்ந்த அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த 2020 சனவரி 16 அன்று உடன்பாடு செய்யப்பட்டது. தாம் இடம்பெயர்க்கப்பட்ட துயரை அறிந்த ஒரு மக்களின் மண்ணிலிருந்தே மற்றொரு மக்கள் இடம்பெயர நேர்ந்தமை, துயர் தானாகவே அறமாக மாறிவிடாது என்பதை உணர்த்துகிறது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2021இல் மியான்மரில் படையாட்சி ஏற்பட்ட பின் எல்லை கடந்து வந்த சின் இனத்தாரையும், 2023இல் மணிப்பூர் வன்முறையால் இடம்பெயர்ந்த குக்கி-சோ மக்களையும் மிசோரம் ஆயிரக்கணக்கில் ஏற்றுப் புரந்தது. இளைஞர் சங்கமும் சபைகளும் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்தன. உறவினத்தார் என்னும் பற்று இதில் உண்டு என்பது உண்மை. அகதி வாழ்வின் நினைவும் உண்டு என்பதை மறுக்க இயலாது.

முடிவுரை

1959இல் பூத்த மூங்கில் 2006 முதல் 2008 வரையான ஆண்டுகளில் மீண்டும் பூத்தது. எலிகள் மீண்டும் பெருகின. புனங்கள் மீண்டும் அழிந்தன. அப்போது முதலமைச்சராக இருந்தவர் சோரம்தங்கா. லால்டெங்காவின் செயலராகக் காட்டில் வாழ்ந்தவர் அவர். இம்முறை பஞ்சம் மூடநம்பிக்கை எனப்படவில்லை. பூப்பையும் பஞ்சத்தையும் எதிர்கொள்வதற்கென்றே அரசு முன்கூட்டித் திட்டம் வகுத்தது. கொன்ற எலிகளின் வால்களை எண்ணிப் பணமும் கொடுத்தது. உழவர் துயருற்றனர், அரசின் உதவி போதாது என்னும் குறையும் எழுந்தது. ஆனால் அக்குறை சட்டமன்றத்திலும் தேர்தலிலும் பேசப்பட்டது. 2008 தேர்தலில் சோரம்தங்காவின் கட்சி தோற்றது. ஒரே மூங்கில், ஒரே எலி, ஒரே பசி. 1959இல் அவை போருக்கு வழிவகுத்தன, 2008இல் ஓர் ஆட்சிமாற்றத்தோடு அமைந்தன.

இவ்விரு பூப்புகளுக்கிடையே நிகழ்ந்த மாற்றமே அமைதி என்பதன் பொருள். அமைதி என்பது துயர் இல்லாத நிலையன்று. துயரைச் சொல்வதற்கும், சொன்னது கேட்கப்படுவதற்கும் வழியுள்ள நிலை. 1958இல் சொல்லப்பட்டது கேட்கப்பட்டிருப்பின் இருபது ஆண்டுகளின் வரலாறு வேறாக இருந்திருத்தல் கூடும். தார்சோவின் பெரியோர் ஒப்பமிட மறுத்த அக்கணத்திலும், சுவாக்லியானாவின் பாடலிலும், ஒரு மக்களின் சொல் அழியாது நின்றது. 1986இல் இடப்பட்ட ஒப்பம் நிலைத்தமைக்குக் காரணம், அதன் பின்னால் இருந்த மக்கள் அச்சொல்லை இருபது ஆண்டுகள் இழக்காது காத்தமையே எனலாம். நெடும்பூசல்கள் இன்றும் முடிவுறாத பிற நிலங்களில் அமைதி நாடுவோர்க்கு மிசோ மலைகளின் வரலாறு உணர்த்துவது இதுவாகும்.